மெட்ரோனோமை வைத்து நான் சொன்ன சாட்சி

1. முதலாளியின் கேள்வி

"மாஸ்டர், கோளாறு பெட்டியிலயா, இல்ல அந்தப் புள்ள கையிலயா? ஒரு வார்த்தையில சொல்லுங்க."

கேட்டவர் எங்கள் முதலாளி அமீர் மரைக்காயர், கீழக்கரைக்காரர். ஷார்ஜா முவைலாவில் கீழே எலெக்ட்ரானிக்ஸ் கடையும் மாடியில் இசைப் பள்ளியும் வைத்திருந்தார். நான் பாளையங்கோட்டைக்காரன், பியானோ டியூனர். அந்தப் பள்ளியில் பதினெட்டு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். பெட்டி என்று அவர் சொன்னது ஹார்ப்சிகார்டை. அந்தப் புள்ள என்றது அதை வாசிக்க வந்த டீச்சர் தர்சினியை.

நானும் ஒரே வார்த்தையில்தான் பதில் சொன்னேன்.

"கையிலதான்."

அது சரியான பதில் இல்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்கள் கம்பியை முறுக்கும் டியூனிங் சாவியைப் பிடிப்பது எப்படி, கம்பி மாற்றுவது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். அதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. சொல்லாமல் விட்டது இது.

2. பெட்டி

ஹார்ப்சிகார்ட் பார்வைக்குச் சின்ன கிராண்ட் பியானோ மாதிரி இருக்கும். பியானோவில் சுத்தியல் கம்பியை அடிக்கும். இதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஜாக் என்ற மெல்லிய மரத்துண்டு எழும்பி, அதில் செருகிய நகம் கம்பியைச் சுண்டும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு ஸ்வரத்தை எடுத்துக் காட்ட வேண்டுமென்றால் அதைச் சற்று நீட்டலாம், அல்லது பிந்த வைக்கலாம். வாசிப்பவர் கையில் இருப்பது நேரம் மட்டும்தான்.

ஊரைக் காலி செய்து போன ஒரு ஐரோப்பியக் குடும்பத்திடமிருந்து முதலாளி அதை வாங்கினார். வாசலில் வைத்தால் பள்ளிக்கு மதிப்பு என்று நினைத்தார். வாசிக்கத்தான் ஆள் இல்லை. வருகிற பெற்றோர்கள் அதன் முன் பிள்ளைகளை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

பிறகு தர்சினி வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பத்து வயதில் சித்தப்பாவோடு பாரிசுக்குப் போனவர். அங்கேயே ஹார்ப்சிகார்ட் படித்துப் பட்டம் வாங்கியவர். வயது முப்பத்தைந்து இருக்கும். மூன்று மாதம் ப்ரொபேஷன், அதன்பிறகு வேலை விசா என்று பேச்சு.

அவர் ஏன் ஷார்ஜாவுக்கு வந்தார் என்பதை முதல் வாரமே என்னிடம் சொன்னார். அவருடைய அம்மா யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தார். பிரான்சுக்கு வர அம்மா போட்ட விசா மனு மூன்று முறை மறுக்கப்பட்டிருந்தது. இங்கே தர்சினிக்கு வேலை விசா அடித்துவிட்டால் அம்மாவைத் தன்னிடம் வரவழைத்துவிடலாம். முவைலாவில் இரண்டு அறை ஃப்ளாட் எடுத்தார். அம்மாவுக்கென்று ஒரு கட்டில் வாங்கினார். அதைப் பழைய சாமான் கடையில் பேரம் பேசி, மூன்று மாடி தூக்கிக் கொடுத்தவன் நான்.

"ஐயா, மெத்தை கட்டியா இருக்கோணும். அம்மாக்கு முழங்கால் நோ" என்று சொல்லி, கடையிலேயே அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார்.

3. சமம்

என் தொழிலின் அடிப்படை சமம். எண்பத்தெட்டு கட்டையும் ஒரே ஆழம் இறங்க வேண்டும். ஆக்டேவின் பன்னிரண்டு ஸ்வரமும் சம இடைவெளியில் நிற்க வேண்டும். கடிகாரம்போல் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமைத் தட்டவிட்டு ஒவ்வொரு கட்டையும் ஒரே நொடியில் பேசுகிறதா என்று பார்ப்பேன். பாளையங்கோட்டை சர்ச் ஆர்கனில் பழகிய நாளிலிருந்து எனக்கு அதுதான் ஒழுங்கு.

தர்சினி முதல் நாள் பெட்டியில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் வாசித்தார்.

"ஐயா, இதை ஆர் டியூன் பண்ணினது?"

"நான்தாம்மா."

"வடிவா இருக்கு. ஆனா எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கு. நான் வாசிக்கிற பாட்டுகளுக்கு அது சரிவராது. கொஞ்ச இடம் இனிக்கோணும், கொஞ்ச இடம் கரகரக்கோணும். சாவியைத் தாறீங்களோ?"

கொடுத்தேன். நாலு மாணவர்களும் அவர்களுடைய பெற்றோர்களும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அரை நாள் செய்த வேலையை அவர் கலைத்து வேறு மாதிரி கட்டினார். அதில் தவறொன்றும் இல்லை. அந்தப் பெட்டிக்காக எழுதப்பட்ட பாட்டுகளோடு சேர்ந்து பிறந்த முறை அது. ஆனால் ஒரு பையனின் அப்பா என்னைப் பார்த்து, "என்ன மாஸ்டர், உங்க வேலையில கரெக்ஷன் போட்டுட்டாங்க!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னோடு வீட்டுக்கு வந்தது.

அடுத்தது தாளம். முந்நூறு வருடங்களுக்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய பாட்டுகளைத்தான் அவர் அதிகம் வாசிப்பார். தாளில் எட்டு ஸ்வரம் சமமாக எழுதியிருக்கும். அவர் முதலாவதை நீட்டி, இரண்டாவதைப் பிந்தித் தொடுவார். மூன்றாவது நீளம், நாலாவது குறுகல். எனக்கு அது நொண்டி நடப்பதுபோல் கேட்டது.

"பேப்பர்ல சமமாத்தானம்மா போட்டிருக்கு? நீங்க ஏன் இழுத்து இழுத்து வாசிக்கிறீங்க?"

"ஐயா, நீங்க வீட்டில 'வந்துட்டேன்' எண்டுதானே சொல்லுவியள்? கடிதத்தில எப்பிடி எழுதுவியள்?"

"வந்துவிட்டேன்னு எழுதுவேன்."

"அப்ப கடிதத்தைப் பாத்து, இந்த ஆள் வீட்டிலயும் இப்பிடித்தான் கதைப்பார் எண்டு நினைக்கலாமோ? அந்தக் காலத்தில எல்லாருக்கும் தெரியும், எழுதுறது ஒண்டு, வாசிக்கிறது ஒண்டு."

"ரேடியோவில செய்தி வாசிக்கிறவங்க எழுதுன மாதிரியேதான் வாசிக்கிறாங்க."

"நான் செய்தி வாசிக்கேல்லை ஐயா" என்று சிரித்துவிட்டு மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.

அவர் சொன்னதுதான் முடிந்த முடிவு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். எந்த இடத்தில் நீட்டலாம், எவ்வளவு நீட்டலாம், எங்கே எழுதியபடியே விடவேண்டும் என்பதில் பெரிய வித்வான்களே ஒத்துப்போவதில்லை. என்னைப்போல் தாளை நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அபிப்பிராயம் வைத்திருந்தது என் குற்றம் இல்லை.

4. நிறுத்திய இடம்

இரண்டாவது மாதம் பெற்றோர்களுக்காக ஒரு சின்னக் கச்சேரி நடந்தது. தர்சினி வாசித்தார். முடிந்ததும் இரண்டு பேர் முதலாளியிடம் போய், "டீச்சருக்கே டைமிங் இல்லையே, எங்க பசங்க எக்ஸாம்ல என்ன செய்வாங்க?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் முதலாளி என்னை அழைத்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

என்னிடம் போனில் அந்தக் கச்சேரியின் ரெக்கார்டிங் இருந்தது. முந்தின இரவே மெட்ரோனோமோடு சேர்த்துப் போட்டுக் கேட்டிருந்தேன். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பக்கத்துப் பக்கத்து ஸ்வரமாக ஏறி இறங்கும் இடங்களில் இரண்டாவது ஸ்வரம் பிந்தியது. ஆனால் எப்போதும் ஒரே அளவு பிந்தியது, அடுத்த தட்டில் மெட்ரோனோமோடு சரியாக வந்து விழுந்தது. பாட்டின் நடுவில், ஸ்வரங்கள் தாவித் தாவிப் போகும் இடத்திலோ எட்டு ஸ்வரமும் அச்சு மாறாமல் சமமாக இருந்தன.

கை தடுமாறினால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி தடுமாறும், தாவும் இடத்தில் இன்னும் மோசமாகும். இது தொழிலில் பாலபாடம். அந்தக் கை தடுமாறவில்லை. தெரிந்தே அப்படி வாசித்திருந்தது.

"கையிலதான்" என்று சொல்லிவிட்டு முதலாளியின் மேசையில் போனை வைத்தேன். ஒரு பக்கம் மெட்ரோனோமைத் தட்டவிட்டேன்.

"கேளுங்க. ரெண்டாவது ஸ்வரம் லேட்டு. மறுபடி லேட்டு. பாருங்க."

"ஆமா, லேட்டாத்தான் வருது" என்றார்.

தாவும் இடம் வருவதற்கு முன் கட்டைவிரலால் ரெக்கார்டிங்கை நிறுத்தினேன். அதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இவ்வளவும் எழுதுகிறேன்.

"அப்ப கலாஸ், முடிஞ்சுது" என்று முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "விசா பேப்பர்ல இன்னும் சைன் போடல. நல்லதாப் போச்சு."

தர்சினி போன அன்று அந்தக் கட்டிலை மூன்று மாடி இறக்கிக் கொடுத்தவனும் நான்தான். பிளாஸ்டிக் உறையைக்கூட மெத்தையிலிருந்து பிரிக்கவில்லை. நான் சொன்ன சாட்சியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. கீழே டாக்ஸி நின்றது. "வெள்ளிக்கிழமை லீவில ஏசியை நிப்பாட்ட விடாதேங்கோ ஐயா, பெட்டியின்ர மரம் வெடிச்சுப்போம்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

5. பக்கம் புரட்டியவர்

அதன்பின் ஐந்து வருடம் அந்தப் பெட்டியை யாரும் வாசிக்கவில்லை. நான் சமமாக டியூன் செய்து மூடி வைப்பேன். என் கருத்து சரி, பள்ளிக்கு நல்லதைத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஐந்தாவது வருடம் துபாயில் ஒரு அரங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து இரண்டு ஹார்ப்சிகார்ட் வித்வான்கள் வந்திருந்தார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஒரே பெட்டியில் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். ரிஹர்சல் முழுக்கச் சண்டை. அந்தப் பெண் தர்சினி மாதிரியே நீட்டிக் குறுக்கினார். அந்தப் பாட்டில் அது கூடாது என்று ஆண் தாளைத் தட்டிக் காட்டினார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். என் கட்சிக்காரர் ஒருவர் கிடைத்தார்.

மாலையில் கச்சேரி. அந்தப் பெண் தன் வழியிலேயே வாசித்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காகப் பக்கம் புரட்டியவர் அதே ஆள். ஒரு பக்கத்தையும் பிந்திப் புரட்டவில்லை. முடிந்ததும் முதலில் எழுந்து கை தட்டியவரும் அவர்தான். மேடை இறங்கும்போது இன்னும் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இறங்கினார்.

நான் டியூனிங் பையோடு பக்கவாட்டில் நின்றிருந்தேன். என் கருத்தையே வைத்திருக்கும் ஒருவர் எப்படி நடந்துகொள்ள முடியும் என்று பார்த்துவிட்டேன். அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொள்ளச் சமாதானம் எதுவும் இல்லை.

6. முழு ரெக்கார்டிங்

மறுநாள் காலை முதலாளியிடம் போனேன். பழைய போனை எடுத்து வைத்து, மெட்ரோனோமைத் தட்டவிட்டு, இந்த முறை கடைசி வரை கேட்க வைத்தேன். நிறுத்திய இடத்தையும் காட்டினேன்.

அவர் கை நீட்டி மெட்ரோனோமை நிறுத்தினார்.

"மாஸ்டர், நான் டிவி விக்கிற ஆளு. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுன்னுதானே உங்கள்ட்ட கேட்டேன்?"

"ஆமா காக்கா." கீழக்கரையில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"புடிக்கலைன்னு சொல்லியிருக்கலாமே. மாஸ்டருக்குப் புடிக்கலைன்னு நானும் விட்டிருப்பேன். ஒரு புள்ள பொழப்ப என் கையாலயே வெட்ட வச்சிட்டீங்க." எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பி, "அந்தப் புள்ள நம்பர் இருக்கா?" என்றார்.

"நான் முதல்ல எழுதிடுறேன் காக்கா. அப்புறம் நீங்க பேசுங்க."

கடிதத்தில் சாக்கு எதுவும் எழுதவில்லை. கட்டைவிரல் வரை எழுதினேன். பாரிசிலிருந்து ஐந்தாம் நாள் குரல்செய்தி வந்தது.

"ஐயா, கடிதம் கிடைச்சுது. ரெண்டு நாள் சமைக்கேல்லை, அவ்வளவு கோவம். நான் வாசிச்சது பிடிக்கேல்லை எண்டதுக்கு இல்லை. அது நீங்க என்ட முகத்துக்கு நேரயே சொன்னனீங்கள்தானே. நிப்பாட்டினீங்கள் பாருங்கோ, அதுக்குத்தான். கட்டில் வேற தூக்கித் தந்தனீங்கள்!" பிறகு நீண்ட மூச்சு. "முதலாளி கூப்பிட்டவர். வாறன் எண்டு சொல்லியிருக்கிறன். விசா கையில வந்தாத்தான் பிளேன் ஏறுவன். பெட்டி டியூனிங் நான் சொல்லுறபடி. இன்னொண்டு, கட்டில் நீங்கதான் வாங்கித் தரோணும்."

வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாடி தூக்க இந்த முறை இரண்டு ஆள் தேவைப்பட்டது.

7. அம்மாவின் கேள்வி

அம்மா போன மாதம் வந்தார். ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஐந்து வருடங்களுக்கு முன்னால் என்றால் நடந்தே வந்திருப்பார் என்று தர்சினி சொன்னார். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஐந்து வருடத்தை நான் யாருக்கும் திருப்பிக் கொடுக்க முடியாது.

நான் ஓய்வு பெற்று, மகனுடைய விசாவில் இருக்கிறேன். பெட்டிக்கு மட்டும் போய்வருகிறேன். தர்சினி எழுதிக் கொடுத்த முறையில், இனிக்கும் இடத்தையும் கரகரக்கும் இடத்தையும் கட்டப் பழகிக்கொண்டேன். முழுதாகப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். தாளத்தைப் பற்றி இன்னும் வாரம் ஒரு முறை சண்டை போடுகிறோம்.

இளைய டெக்னீஷியன்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உங்களிடமும் யாராவது கேட்பார்கள். கையில் அளவுக் கருவி இருப்பதால் உங்கள் வார்த்தையை நம்புவார்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அதற்கு மெட்ரோனோமைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் முழுதாகப் பேசவிடுங்கள்.

சென்ற சனிக்கிழமை பள்ளியில் கச்சேரி. முன்வரிசை ஓரத்தில் அம்மாவின் நாற்காலி, பக்கத்தில் நான். மகள் மேடையில் வாசித்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தர்சினி அதே பழைய பாட்டை எடுத்தார். நீளம், குறுகல், நீளம், குறுகல். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, பிள்ளை ஏன் இப்பிடி நொண்டி நொண்டி அடிக்குது? கை நோவோ?"

"இல்லம்மா" என்றேன். "கையில ஒரு கோளாறும் இல்ல. தெரிஞ்சுதான் வாசிக்கிறாங்க. கொஞ்சம் பொறுங்க, இப்ப ஒரு இடம் வரும் பாருங்க."

தாவும் இடம் வந்தது. எட்டு ஸ்வரமும் சமமாக விழுந்தன. அம்மா தலையை ஆட்டிக்கொண்டு, முழங்காலில் விரலால் தாளம் போட ஆரம்பித்தார்.