பௌர்ணமி தாங்கும் கம்பி

படகின் பின்பக்கத்தில் ஒரு ஆள் தொங்கினால் முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொள்ளும் என்று நான் நம்பியிருந்தேன். அரைகுறைச் சந்தேகம் எல்லாம் இல்லை, முழுசாக நம்பினேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளைப் பின்பாரமாக ஏற்றிய மாட்டுவண்டி, நுகத்தடியோடு எழும்பி நின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான். வண்டிக்கு ஒரு நியாயம், படகுக்கு ஒரு நியாயமா?

கடலே இல்லாத திருவண்ணாமலைக்காரனுக்குப் படகைப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். வேங்கிக்காலில் எனக்கு ஸ்டீல் கம்பிப் பட்டறை. மாடிப்படி, பால்கனி, கடை வாசல், எதற்கும் கைப்பிடிக் கம்பி செய்வோம். அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை வாசலில் நான் போட்ட கம்பி இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி, கிரிவலம் நடந்து கால் கடுத்த கூட்டம் மொத்தமும் அதன்மேல்தான் சாயும். அதனால் எங்கள் பட்டறையில் பலத்துக்கு ஒரே அளவுதான்: "பௌர்ணமி தாங்குமா?"

இன்னொரு வழக்கமும் உண்டு. வேலையை ஒப்படைக்கும் அன்று, வீட்டுக்காரர் முன்னால் நானே அந்தக் கம்பியில் தொங்கிக் காட்டுவேன். என் தொப்பையைத் தாங்கினால் குடும்பத்தையே தாங்கும். ஊரில் எனக்கு வேலை வருவதே இந்தத் தொங்கலை நம்பித்தான்.

அப்படி நான் தொங்கிக் காட்டிய பால்கனிகளில் ஒன்று, ஓய்வுபெற்ற டாக்டரம்மா ஒருவருடையது. அவர் போன வருஷம் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிப் புதுச்சேரியில் கட்டிவைத்தார். படகிலிருந்து கரைக்கு வந்துபோக ஒரு சின்ன ரப்பர் தோணி. அதைப் படகின் பின்னால், வளைந்த இரண்டு தூக்குக் கம்பிகளில் தொங்கவிட வேண்டும் என்றார். அங்கே இருந்ததோ, ஆள் விழாமல் பிடித்துக்கொள்ளப் போட்ட ஒல்லிக் கம்பி. அதில் தோணியை மாட்டினால் பெரிய அலை ஒன்று போதும், கம்பியும் தோணியும் சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு போய்விடும். அவர் தனியாகக் கடலுக்குப் போகிறவர். தோணி போனால் கரையேற வழியில்லை.

"பலப்படுத்திக் குடுங்க. குடுக்கறன்னிக்கு, பால்கனியில தொங்கினீங்களே, அதே மாதிரி தொங்கிக் காட்டிடுங்க. அப்பத்தான் எனக்கு நம்பிக்கை."

"அதுக்கென்னம்மா" என்றது என் வாய். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை அது சொல்லவில்லை.

அளவெடுக்க நானும் என் கூட்டாளி பாயும் போனோம். டவுனில் மூன்று தலைமுறையாகப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. வெல்டிங்கில் கெட்டிக்காரர், என்னைக் கேலி செய்வதில் அதைவிடக் கெட்டிக்காரர். படகில் ஏறியதும், எந்த வீட்டிலும் செய்வதுபோல, மட்டம் பார்க்க முதலில் ரசமட்டத்தை எடுத்துத் தளத்தில் வைத்தேன். உள்ளே குமிழ் இந்தக் கோடிக்கு ஓடியது, அந்தக் கோடிக்கு ஓடியது. நான் குனிந்தபடி காத்திருந்தேன்.

"யோவ், இன்னா பண்றே?"

"குமிழ் நடுவுல வரட்டும் பாய்."

"வரும் வரும். கடல் வத்தட்டும், வரும்."

டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

வேலை என்னவோ ஜோராக வந்தது. பாரம் மேல்கம்பியில் நிற்கக் கூடாது, காலில் இறங்க வேண்டும். பால்கனிக்கும் அதுதான் சூத்திரம். உப்புத் தண்ணீரைத் தாங்கும் உசத்தி ஸ்டீல் வாங்கினோம். பழைய கால்களுக்குச் சாய்வாக முட்டுக் கொடுத்தோம். அவற்றின்மேல் தூக்குக் கம்பிகள் இரண்டையும் பொருத்தி, நுனியில் ஒரு குறுக்குக் கம்பியால் இணைத்தோம். தளத்துக்கு அடியில் அகலத் தகடு வைத்து, போல்ட்டுகளை அதில் இறுக்கினோம். பௌர்ணமி என்ன, கார்த்திகை தீபமே தாங்கும்.

ஆனால் பட்டறையில் பாலீஷ் போடும்போதெல்லாம் அந்த மாட்டுவண்டி என் கண்முன்னால் எழும்பி எழும்பி நின்றது.

"பாய், ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டா போதாதா? அதுவும் பாரம்தானே?"

"மூட்டை கத்தாதே. நீ கத்தினாத்தான் அந்தம்மாவுக்கு நம்பிக்கை வரும்."

"அப்ப நீ தொங்கு. எனக்கு வெயிட் ஜாஸ்தி."

"பேரும் உன்னுது, தொப்பையும் உன்னுது. நான் எதுக்கு நடுவுல?"

ஒப்படைக்கும் நாள் வந்தது. டாக்டரம்மா எனக்கு ஒரு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டினார். அதன் இரண்டு பக்கமும் என் வயிற்றின் நடுவில் சந்திக்க மறுத்தன. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு வேகமா ஓடுதே! வேணாம், விட்டுடுங்க. நான் தோணியைக் கரையிலேயே விட்டுட்டுப் போய்க்கறேன்."

அந்த வார்த்தைதான் என்னைத் தள்ளியது. ஒரு அம்மா தோணி இல்லாமல் கடலுக்குப் போவதா, நான் போட்ட கம்பி இருக்கும்போது? குறுக்குக் கம்பியைப் பிடித்தேன். கண்ணை மூடினேன். "அண்ணாமலைக்கு அரோகரா" என்று காலை எடுத்துவிட்டேன்.

"எழும்புது! முன்பக்கம் எழும்புது! எல்லாரும் முன்னாடி ஓடுங்க!"

"எதுவும் எழும்பல. கண்ணைத் தொற" என்று பாயின் குரல் கேட்டது. கீழேயிருந்து கேட்டது.

"ஐயோ, விழுந்துட்டியா பாய்? நீந்து பாய், நீந்து!"

"யோவ், காலை எடுய்யா. உன் பெருவிரல் என் டீயில இருக்குது."

கண்ணைத் திறந்தேன். டாக்டரம்மா என் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பாய் தோணியைப் பின்பக்கம் கொண்டுவந்து கட்டிவிட்டு, எனக்கு நேர் கீழே அதற்குள் கையில் பேப்பர் கப்போடு உட்கார்ந்திருந்தார்.

படகின் பின்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. கம்பி அசையவில்லை. டாக்டரம்மா அடுத்த வாரம் தோணியை அதில் தூக்கிக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். அந்தத் தோணியிலேயே ஏறிக் கரைக்கு வந்தார்.