வடகரைத் தோப்பில் நான்கு கிணறுகள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. களத்துக்குப் போய் அளப்பவர் வரைய மாட்டார். வரைகிறவள் களத்தை எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். வரைகிறவள் நான். தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து, ட்ரோன் எடுத்த படத்தைக் கேட் என்னும் வரைபட சாஃப்ட்வேரில் விரித்து, அதன் மேல் வரப்பு, சுவர், கிணறு என்று கோடு போடுவது என் பிழைப்பு. அது சாதாரணப் படம் இல்லை. பூமியில் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியும். ஆனால் ஆரம்பத்தில் நாம் தப்பாகச் சொல்லிக் கொடுத்தால் அதுவும் கூச்சமில்லாமல் தப்பையே சொல்லும். கடையநல்லூரில் ஒருவருடைய வீட்டு மனையை ஒரு முறை திறந்தபோது, அது இலங்கையைத் தாண்டி நடுக்கடலில் கிடந்தது. பூமியைப் பட்டை பட்டையாகப் பிரித்து எண் கொடுத்திருப்பார்கள்; அந்த மண்டல எண்ணை யாரோ ஒன்று கூட்டிப் போட்டிருந்தார்கள். கடல் பார்த்த வீடு என்று விலையை ஏற்றிச் சொல்லலாமே என்றேன். எங்கள் இன்ஜினியர் சாருக்குச் சிரிப்பு வரவில்லை.

வடகரைத் தென்னந்தோப்பு வேலை வந்தது ஆனி மாதச் சாரலில். அண்ணன், தம்பி இரண்டே பேர்; பாகப்பிரிவினை. இருவருக்கும் பேச்சு நின்று பல வருஷம். தோப்பில் இருப்பது ஒரே ஒரு பெரிய கிணறு, அதுவும் அண்ணன் பக்கம். தம்பி பக்கம் முழுக்கப் புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் கிடைக்காவிட்டால் அத்தனையும் கருகிவிடும். தம்பி கேட்டது தண்ணீரில் பங்கு, அவ்வளவுதான். ஒருவர் சொல்லை மற்றவர் நம்பாததால் தாய்மாமா இருவரிடமும் கோயில் வாசலில் சத்தியம் வாங்கியிருந்தார். ட்ரோன் படத்தை வைத்து எங்கள் அலுவலகம் போடும் வரைபடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் முடிவு. மனுஷன் பொய் சொல்லுவான், மேலே பறக்கிறது பொய் சொல்லாது என்பது மாமாவின் கட்சி.

வெளியூர்ப் பையன் ஒருவன் போய் ட்ரோன் விட்டுப் படம் எடுத்து அனுப்பினான். அந்த வாரம் பார்த்து எனக்குக் காய்ச்சல். சாருக்கோ அவசரம், தானே உட்கார்ந்து வரைந்துவிட்டார். நான் திரும்பி வந்து பார்த்தால் வரைபடத்தில் நான்கு கிணறுகள். அண்ணன் பக்கம் பெரிய வட்டம் ஒன்று. தம்பி பக்கம் சின்ன வட்டங்கள் மூன்று.

"இதென்ன சார்?"

"உறைகெணறும்மா, சிமென்ட் வளையம் எறக்குன சின்னக் கெணறு. படத்துல கறுப்பா வட்டமா தெரியுதுல்லா?"

மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. கிணறு என்ன தெருவிளக்கா, வரிசையாக நட்டுக்கொண்டு போக?

"ஒனக்கு அந்தத் தோப்பப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டு சார் என் வாயை அடைத்தார். வரைபடமும் வடகரைக்குப் போய்விட்டது.

இரண்டொரு நாளில் தம்பி மாடிப்படி ஏறி வந்தார். "யக்கா, என் தோப்புல மூணு கெணறு இருக்குதாம். எனக்கே இப்பத்தான் தெரியும்." சிரித்தார். கண்ணில் சிரிப்பு இல்லை. வரைபடத்தைப் பார்த்ததும் அண்ணன் மாமாவிடம் போய், "மூணு வச்சிருக்கவன் ஒண்ணு வச்சிருக்கவன்ட்ட தண்ணி கேக்கலாமா?" என்று நியாயம் கேட்டிருக்கிறார். மாமாவும் "சத்தியம்னா சத்தியந்தாம்லே" என்று சொல்லிவிட்டாராம். மூன்று பேருமே அந்தத் தோப்பின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர்கள்; அங்கே கிணறு இல்லை என்று தெரிந்தும் வரைபடத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ட்ரோன் எடுத்த தனித்தனிப் படங்களைத் திறந்தேன். அது தோப்பின் மேல் உழவு ஓட்டுவது மாதிரி போய்ப் போய் வந்து நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளும். பிறகு எல்லாவற்றையும் ஒட்டி ஒரே படமாக்குவார்கள். ட்ரோனுக்குக் கீழேயே யாராவது நடந்துகொண்டிருந்தால், அந்த ஒரே ஆள் ஒட்டிய படத்தில் நாலு இடத்தில் நிற்பார். ஒரு கறுப்பு வட்டத்தைப் பெரிதாக்கினேன். அதன் ஓரத்தில் வேட்டி நுனி. இன்னொன்றின் ஓரத்தில் செருப்புக் கால். விரித்த கறுப்புக் குடை! சாரல் விட்ட பிறகும் மடக்கவில்லை. வேறொரு படத்தில் குடை சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்க்கும் முகம் தெளிவாகத் தெரிந்தது. வேலை கொடுக்க மாமாவோடு எங்கள் மாடிக்கு வந்திருந்த அண்ணனேதான். ட்ரோன் பறந்த அன்றைக்கு ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்.

படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு, வழக்கத்தை உடைத்து நானும் சாரோடு காரில் ஏறினேன். படத்தைக் காட்டியும் சாருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. தோப்பில் அண்ணனும் தம்பியும் மாமாவும் காத்துநின்றார்கள். இறங்கியதும் சார் ஜிபிஎஸ் கம்பை எடுத்துக்கொண்டு முதல் கிணற்றின் இடத்தைத் தேடி நடந்தார். கருவி கீச்சென்றது.

"இங்கதான் இருக்கு" என்றார் சார். புல்லும் ஆட்டுப் புழுக்கையும் இருந்தன.

"பாத்துலே, கெணறு!" என்று மாமா கத்தினார். எல்லாரும் இரண்டடி பின்வாங்கினோம், சார் உட்பட. இல்லாத கிணற்றைச் சுற்றிப் பெரிய மனுஷர்கள் வட்டமாக நின்று உள்ளே பார்த்தோம்.

"இருந்துச்சி. மண்ணப் போட்டுத் தூத்தாச்சு" என்றார் அண்ணன், மாமாவைப் பார்த்து. "அப்பா காலத்துல."

"அப்பா காலத்துல தூத்த கெணறு போன வாரம் எப்படிண்ணே போட்டாவுல விழும்?" என்றார் தம்பி.

பல வருஷத்துக்குப் பிறகு தம்பி அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அது. அதுவும் ஊரில் இல்லாத கிணற்றைப் பற்றி.

நான் போனை நீட்டினேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஏலே, இது நீதானா?"

"ஐந்தருவிக்குப் போனேன்னு ஊரெல்லாம் சொன்னியே?" என்றார் தம்பி.

மாட்டினார் என்று எனக்கு உள்ளூர ஒரே குஷி. அண்ணன் தம்பி பக்கம் திரும்பினார்.

"போவத்தான் கெளம்புனேன். பொறவு யோசிச்சேன். அளக்கவன் வெளியூர்க்காரன். ஒனக்கு ஒரு அடி கொறச்சிப் போட்டுட்டாம்னா? அதான் அந்த ட்ரோன் பின்னாலேயே நடந்தேன்."

பச்சைப் பொய். தம்பி பங்கில் ஓர் அடி கூடிவிடக் கூடாதே என்று நடந்த நடை அது. சாருக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"எனக்காவாண்ணே நடந்த?" குரல் உடைந்துவிட்டது அந்த மனுஷருக்கு.

"பொறவு யாருக்குலே?"

சொல்லிவிட்ட பிறகுதான் அண்ணனுக்கு உறைத்திருக்க வேண்டும். தம்பிக்கு ஓர் அடி மண் குறையக் கூடாது என்று தோப்பு முழுக்க நடந்தவர், தண்ணீர் மட்டும் எப்படித் தரமாட்டேன் என்பார்? தொண்டையைச் செருமிக்கொண்டு சார் பக்கம் திரும்பினார். "கெணத்தப் பொதுன்னு போட்டுருங்க சார்." அப்படியே மோட்டார் ரூமைப் பார்த்து நடந்தார். தம்பி மடை திருப்ப மண்வெட்டியைத் தேடி ஓடினார்.

அடுத்தவர் பிழையைக் கண்டால் திருத்தாமல் எனக்குத் தூக்கம் வராது. வாய்க்காலில் தண்ணீர் வந்து முதல் தென்னம்பிள்ளையின் தூரைத் தொட்டபோது எனக்கு அழுகை வந்தது. அண்ணன் எதற்காக நடந்தார் என்ற உண்மையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.