ஞாயிற்றுக்கிழமைப் பால்

பாறசாலைப் பக்கம் எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்குக் கணினி நிரல் எழுதியவன் நான். அதைப் புதுப்பிக்க வந்தவள் பக்கத்து வீட்டு ஷீபா. சங்கத்தில் பால் ஊற்றப் போனபோது அவள் பின்னால் நின்று பார்த்தேன். நிரலை ஏஐயிடம் கொடுத்து விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பால் வாங்கும் நேரம் மற்ற நாள் ஏழு மணிக்கு முடிகிறது, ஞாயிறு மட்டும் ஒன்பது. தவறாக இருக்கலாம், எழுதியவரிடம் கேளுங்கள்" என்றது அது. அவளோ கேட்காமலே அந்த ஞாயிறு வரியை அழிக்கப் போனாள்.

எனக்குக் கொதித்தது. "ஆராதனை முடிஞ்சு பால் கொண்டுவாற பதினாலு வீடு உண்டு, பிள்ளே. அவிய பாலை ஆத்துல ஊத்தணுமா? உன் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் நான் இருக்கேன், கேட்டா என்ன?"

"கேட்டா ஏசுவிய, மாமா. இது ஏசாதாக்கும்."

வரி பிழைத்தது. எரிச்சல் மட்டும் இன்னும் தீரவில்லை. அது யார்மேல் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.