ஒடிந்த கைக்கு ஒரு சொட்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது நடந்ததுதான். சம்பந்தப்பட்டவளே சொன்னது, அவளுக்குக் கதை கட்ட வராது.

ஆய்வகத்தில் அவளுக்கு 'உடும்பு' என்று பேர். பிடித்தால் விடமாட்டாள். எலியின் மரபணுவை வளர்ப்புச் செல்களுக்குள் புகுத்தி, ஒரு நொதியைத் தயாரித்திருந்தாள். எலும்பில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுக அந்த நொதி வேண்டும். அது சரியாகச் சுரக்காமல் பிறக்கும் சில குழந்தைகளுக்குத் தூக்கினாலே எலும்பு முறியும். அப்படியொரு குழந்தையின் எலும்புச் செல்களை மருத்துவமனையிலிருந்து வாங்கி, கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து, அவற்றில்தான் நொதியைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு தடவை தோத்தாச்சும்மா. திங்கட்கிழமை லேபை மூடிடலாம்," என்றார் ஆய்வகத் தலைவர்.

"நடுவுல ஞாயித்துக்கிழமை இருக்குல்ல சார்?"

ஞாயிறு மதியம். கட்டடத்தில் அவள் மட்டும்.

முதலில், செல் தட்டுகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டரின் சாத்தியிருந்த கதவு திறந்து கிடந்தது. மறந்திருப்போம் என்று சாத்தினாள்.

டக்... டக்...

உள்ளேயிருந்து.

திறந்தாள். ஒரு தட்டின் மூடி விலகியிருந்தது. செல்களுக்கு ஊற்றிய இளஞ்சிவப்புத் திரவத்தில் பாதியைக் காணோம்.

திரும்பினாள். மேசைமேல் இளஞ்சிவப்பு ஈரம். ஐந்து விரல். பிஞ்சுக் கை...

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இன்னொன்று பதிந்தது.

 பயத்தை முந்திக்கொண்டு வந்தது ஆத்திரம்.

"யாரா வேணா இரு! இன்னொரு தடவை தட்டைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!"



அவள் இடுப்பு உயரத்திலிருந்து ஒரு குரல்.

"ஒடிஞ்சுதான் இருக்கு..."

 வாசல் நாலு அடி தூரம்தான். போகவில்லை. நொதிக் குப்பியை எடுத்தாள்.

"அழாதே. நீட்டு கையை."

ஒரு சொட்டு விட்டாள்.

அது மேசையில் விழவில்லை.

அந்தரத்தில் நின்றது...

மறைந்தது.

மறுநாள் காலை தலைவர் சாவியோடு வந்தார்.

"மூடுங்க சார். நான் உள்ளேதான் இருப்பேன்," என்றாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. மருத்துவமனை டாக்டரம்மா.

"செல் குடுத்த குழந்தை நேத்து காலையில தவறிடுச்சும்மா. ரெண்டு கையும் முறிஞ்சிருந்துச்சு. சாயங்காலம் பெத்தவங்க சம்மதத்தோட ஒரு எக்ஸ்ரே எடுத்தோம். வலது கையில முறிவையே காணோம். இறுகிப்போய், கல்லு மாதிரி இருக்கு. உயிர் போனப்புறம் எலும்பு கூடுமா?"

அவள் மேசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இடது கை?"

"அது ஒடிஞ்சபடியேதான் இருக்கு."

போனை வைத்தாள். தலைவரைத் தாண்டிப் போய், அடுத்த குப்பியைத் திறந்தாள்.