சம்பங்கி மேலே வரும் காட்சி

குணசுந்தரி அக்காவோடு உட்கார்ந்து சுரங்கப் படம் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருந்துவிடலாம். பட்டவள் சொல்கிறேன். கதாநாயகன் சுத்தியலால் ஒரு போடு போடுவான், பாறையிலிருந்து தங்கக்கட்டி உருண்டு விழும். அக்கா உடனே டிவியோடு சண்டைக்குப் போய்விடுவார்.

"இன்னாடா இது, பலாப்பழத்துல சுளை எடுக்கிற மாதிரி எடுக்கிறான்! பதினாலு வருசம் கீழ போனாரு எங்க வூட்டுக்காரரு. தங்கத்தை எங்க பாத்தாரு? என் தாலியில பாத்தாரு, அவ்ளோதான்."

பாறை மேலே வந்து, மில்லில் மாவாகி, அப்புறம்தான் தங்கம் என்று எனக்கு நூறு தடவையாவது விளக்கியிருப்பார். நானும் இதே நந்திதுர்க் லைனில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்து வளர்ந்தவள்தான் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அக்காவுக்கு அறுபது வயது. எனக்கு அடுத்த வீடு. ஒரே மகன் விநாயக் பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறான், எத்தனை கூப்பிட்டாலும் அங்கே போகமாட்டார். கணவர் சம்பங்கி தொண்ணூற்று நாலில் ஏர் பிளாஸ்ட்டில் போனவர். ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சிதறுவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மூன்றாம் நாள்தான் அவரை மேலே கொண்டுவந்தார்கள், அதுவும் துணியில் சுற்றி. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று உறவுக்காரர்கள் அக்காவைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

"செத்தது எனக்குத் தெரியும் வின்னி," என்று பல முறை சொல்லியிருக்கிறார். "மேல வந்ததைத்தான் பாக்கல. ஷிப்டுக்குப் போன மனுசன் கேஜ்ல இருந்து எறங்கி வர்றதை ஒரே ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும்." அப்போதெல்லாம் நான் காபி போட்டுக் கொடுப்பேன்.

போன ஜனவரியில் எங்கள் பக்கம் ஒரு வெப் சீரிஸ் எடுக்க வந்தார்கள். சுரங்க விபத்துக் கதை. சுரங்கத்துக்குள் இறங்கும் நிஜமான ஷாஃப்டுகளைச் சுற்றி வேலி போட்டுப் பல காலம் ஆகிறது. அதனால் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குக் கீழே காலி நிலத்தில் பிளைவுட்டில் ஒரு ஷாஃப்ட் கட்டினார்கள். பத்தடிக் குழியிலிருந்து கேஜ் என்கிற ஆளேற்றும் கூண்டு மேலே வரும், அவ்வளவுதான் அதன் ஆழம்.

அன்றைக்கு எனக்குக் கம்பெனி லீவு. காலை பதினொரு மணிக்கு, ஒலி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவர்கள் சுரங்கச் சங்கை ஊதவிட்டார்கள். ஷிப்ட் மாறாத நேரத்தில் சங்கு ஊதினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், கீழே விபத்து. சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது என்பது அக்காவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் செருப்புக்கூடப் போடாமல், கையில் ஒட்டிய மாவோடு ஓடினார். நான் அவர் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். போய்ப் பார்த்தால் எங்கள் லைன் சரோஜம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும், எல்லாரும் வயதானவர்கள், அந்த பிளைவுட் ஷாஃப்டுக்கு முன்னால் மூச்சு வாங்க நிற்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வெட்கம் அவர்களைப் பிடுங்கித் தின்றது.

டைரக்டர் உதய் நல்ல பிள்ளை, சிரிக்கவில்லை. எல்லாருக்கும் நாற்காலி போடச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, விபத்துச் சங்கு கேட்டுப் பெண்கள் ஓடிவரும் காட்சியில் நீங்களே நடிக்கிறீர்களா என்று கேட்டார். கணவன் பேரைச் சொல்லிக் கதறி, மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் என்று விளக்கியதுதான் தாமதம், அக்கா பிடித்துக்கொண்டார்.

"யாரு சார் அழுதாங்க? அழுதா, உள்ள இருக்கிறவன் செத்துட்டான்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். ஒருத்தியும் அழமாட்டா. வூட்டுக்காரர் பேரையும் சொல்லமாட்டோம். டோக்கன் நம்பரைத்தான் கேப்போம். மூவாயிரத்து நானூத்திப் பதினேழு வந்துட்டாரான்னு கேப்போம். அவ்ளோதான்."

உதய் எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் போட்டார். "நீங்க சொல்ற மாதிரியே எடுக்கலாம் அம்மா. தினமும் வந்துடுங்க," என்றார்.

அதற்கப்புறம் அக்காவைப் பிடிக்க முடியவில்லை. முட்டிவலி எங்கே போனதென்று தெரியவில்லை. காலையிலேயே தலை சீவி, பூ இல்லாத குறைக்குப் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கதையில் அக்காவின் கணவனாக நடித்த பிரதாப் அவர் கையில் வசமாக மாட்டிக்கொண்டார். பெல்ட்டை இப்படிக் கட்டு, லைட்டு பேட்டரி இந்தப் பக்கம் தொங்கணும், நெஞ்சை நிமித்திக்கினு நடக்காதே, கீழ அவ்ளோ ஒசரம் கிடையாது. மேலே வந்ததும் வெயில் கண்ணைக் கூசும், புறங்கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் தொப்பியைக் கழற்றித் தொடையில் ரெண்டு தட்டுத் தட்ட வேண்டும். இந்தத் தட்டல் எந்தச் சுரங்கத்து வழக்கம் என்று உதய் கேட்டார். அக்கா பிரதாப் முகத்தில் பூசச் சேற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் தெரிந்தது, அது சம்பங்கியின் பழக்கம். மனுஷி நடிப்பா சொல்லிக் கொடுக்கிறார், கொஞ்சம் கொஞ்சமாக ஆளையல்லவா செய்துகொண்டிருக்கிறார்.

ஐந்தாம் நாள் காட்சியை எடுத்தார்கள். கேஜ் வந்தது, வேறு மூன்று பேர் இறங்கினார்கள், பிரதாப் இல்லை. அக்கா முன்னால் போய் நம்பரைக் கேட்டார். டோக்கன் கணக்கு வைக்கும் டைம்கீப்பராக நடித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் அழவில்லை. உதய்க்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்கு மேல நிஜமா எடுக்க முடியாது," என்று கை தட்டினார்.

எல்லாரும் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இன்னொரு தடவை எடுங்க சார். அவுரு வர்ற மாதிரி."

"கதையில அவர் வரலையே அம்மா. எல்லாம் நிஜமா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நெஜத்தை முப்பது வருசமாப் பாக்கிறேன் சார். ஒரே ஒரு தடவை தப்பா எடுங்க."

உதய் என்னைப் பார்த்தார். நான் கும்பிடாத குறையாக நின்றேன். பிரதாப் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.

கேஜ் மேலே வந்தது. கதவு திறந்தது. பிரதாப் இறங்கி, புறங்கையால் வெயிலை மறைத்து, தொப்பியைக் கழற்றித் தொடையில் ரெண்டு தட்டுத் தட்டி, நேராக அக்காவிடம் வந்து நின்றார். அக்கா தலை முதல் கால் வரை பார்த்தார். இப்போது உடைந்து அழப் போகிறார் என்று நான் கிட்டே போனேன். அவரோ முகத்தைச் சுளித்தார்.

"ஆளு சரியில்ல சார். எல்லாம் நல்லாத்தான் செய்யிறாரு. ஆனா ரொம்பச் சின்னப் பையனா இருக்காரே."

"உங்க வீட்டுக்காரருக்கு அப்ப என்ன வயசும்மா?" என்று கேட்டார் உதய்.

"முப்பத்திரெண்டு."

"எனக்கு முப்பத்தி மூணு அம்மா," என்றார் பிரதாப், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி.

இத்தனை வருடமாக அவர் மனசுக்குள் சம்பங்கியும் கூடவே நரைத்து, முட்டிவலி வந்து, கிழவராகிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெல்ட்டும் பேட்டரியும் மறக்காத மனுஷிக்கு வயதுதான் தப்பிப்போயிருந்தது. முந்தானையால் பிரதாப்பின் கன்னத்துச் சேற்றைத் துடைத்துவிட்டு, "போப்பா, போய்ச் சாப்பிடு," என்றார்.

திரும்பி வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். லைன் முனைக்கு வந்ததும் நின்றார்.

"நம்ம விநாயக்குக்கு முப்பத்தாறு ஆவுது வின்னி," என்றார். "அவனுக்குத் தம்பி மாதிரி இருந்திருக்காரு அவுரு."