ராஜாத்தியின் வெறுங்கை

இன்று தலை நிமிர்ந்து உங்கள் முன் நிற்கிறேன், சகோதரிகளே. அது கர்த்தர் போட்ட பிச்சை. அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். மகள் கிரேஸ் பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் குஞ்சு உண்மையாகவே பொன் குஞ்சு என்பது என் நினைப்பு. அங்கேதான் சாத்தான் கையை வைத்தான்.

ஒரு நாள் செய்தித்தாளுக்குள் ஒரு நோட்டீஸ் வந்தது. விளம்பரப் படங்களுக்குப் புதுமுகங்கள் தேவையாம். கிரேஸ் கெஞ்சினாள். நான் தடுத்தேன் என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே ஆபீஸ். அங்கிருந்த ஆள் கிரேஸை நிற்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனையோ பேர் வந்தாங்கம்மா. இந்த ஒரு முகத்தை மட்டும்தான் எடுத்து வச்சிருக்கேன். வெளியில சொல்லாதீங்க, கண்ணு பட்டுடும்."

கண்ணேறில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று வாய் சொல்லும். பெற்ற வயிறு கேட்குமா? மூன்று வாரத்துக்குள் பணம் கட்ட வேண்டும் என்றார். ஆல்பத்தை அவர்களுடைய போட்டோகிராபரிடம்தான் எடுக்க வேண்டும். பயிற்சிக்கும் முன்பணம். அதன்பின் படப்பிடிப்புக்குப் பெண்ணை மட்டும் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும், அம்மா கூட வரக்கூடாது. அது சரியில்லை என்று கேட்டபோதே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நர்சிங் படிப்புக்குச் சேர்த்த பணத்தோடு என் இரண்டு வளையலையும் சேர்த்தால் போதும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டேதான் படியிறங்கினேன்.

கணவரிடம் மூச்சு விடவில்லை. சினிமா என்ற சொல்லே எங்கள் வீட்டில் ஆகாது. சோப்பு விளம்பரம் சினிமா ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் பதறினேன். பிள்ளையைத் தனியாக எவன் கையில் கொடுக்கப்போகிறேன் என்ற பயம் அடுப்படியிலும் என்னை விடவில்லை.

குவார்ட்டர்ஸில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் உபவாச ஜெபம் நடக்கும். ஒவ்வொருவரும் விண்ணப்பம் சொல்வோம். சொல்ல முடியாதவர்கள் "மனதிலுள்ள விண்ணப்பம்" என்றால் போதும், யாரும் துருவமாட்டார்கள். இரண்டு வாரம் நான் அதையே சொன்னேன். வெள்ளானூரிலிருந்து வரும் ராஜாத்தியும் அதையேதான் சொன்னாள்.

ராஜாத்தியைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. சில வாரங்களாக அவள் கையில் வளையல் இல்லை. எங்கள் கூட்டத்தில் சிலர் பொன்னைக் கழற்றிவிட்டுக் கர்த்தருக்கென்று வாழ்வார்கள். அவளும் அப்படி ஒப்புக்கொடுத்துவிட்டாள் என்று எல்லாரும் அவளைப் புகழ்ந்தோம். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். எவ்வளவு தாழ்மை என்று அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னோம்!

கெடுவுக்கு முந்தின நாள் மூன்றாவது வெள்ளி. புறப்படுமுன் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, உமக்குச் சித்தமானால் நடத்தும்" என்று சத்தமாகச் சொன்னேன். "இல்லையென்றால் தடுத்துவிடும்" என்று மெதுவாகச் சொன்னேன். மெதுவாகச் சொன்னதும் அவர் காதில் விழுந்தது.

அன்று இருவர் இருவராகக் கைகோத்து ஜெபிக்கச் சொன்னார்கள். எனக்கு ராஜாத்தி வாய்த்தாள். நான் வழக்கம்போல "மனதிலுள்ள விண்ணப்பம்" என்றேன்.

"இன்னா விண்ணப்பம்னே தெரியாம நான் இன்னான்னு ஜெபிக்கிறது யக்கா?" என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "யார்ட்டயும் சொல்லிராத பிள்ள" என்று தொடங்கி, மாடி ஆபீஸ், ஆல்பம், பெங்களூர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள். "இந்த மூஞ்ச மட்டும்தான் எட்த்து வச்சிகீறேன்னு சொன்னானா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எம் பொண்ணாண்டயும் அதான் சொன்னான். வளையல வித்துக் கட்டிட்டேன் யக்கா. இன்னிவரிக்கும் ஒரு போட்டோ கூட கண்ல காட்டல. நீங்கல்லாம் என்ன விசுவாசின்னு சொல்லச் சொல்ல, உண்மைய எப்டி வாயத் தொறந்து சொல்றது?"

நாங்கள் புகழ்ந்த புகழ்ச்சியே அவள் வாயைக் கட்டியிருந்தது.

அன்று மாலையே கணவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நாளைக்கு நானும் வாரேன்" என்றார். மறுநாள் ராஜாத்தியையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினோம். பெஞ்சில் நாலைந்து தாய்மார் மகள்களோடு, மடியில் பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ராஜாத்தி நடுவில் போய் நின்றாள். "யம்மா, உங்களாண்டயும் இந்த ஒரு மூஞ்சிதான்னு சொன்னானா?"

தாய்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்தாள். பின்னாலேயே பெஞ்சு முழுதும் எழுந்தது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது கதவில் பூட்டு தொங்கியது. ராஜாத்தியின் பணம் திரும்பி வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கிரேஸ் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு நர்சிங்குக்கு இடம் கிடைத்தது. சேர்த்த பணம் அதற்கே உதவியது. இன்று அவள் நோயாளிகளுக்கு ஊசி போடுகிறாள். அந்த முகத்தைப் பார்த்து வலி மறந்தது என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு இன்னமும் பெருமை வந்துவிடுகிறது, கர்த்தர் மன்னிப்பாராக.

பிள்ளை தப்பியதற்கு நன்றிக் காணிக்கையாக ஒரு வளையலைக் கழற்றினேன். அதைக் காணிக்கைப் பெட்டியில் போடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் ராஜாத்தியின் கையில் போட்டேன். இன்றைக்கும் ஒன்று அவள் கையில், ஒன்று என் கையில்.

சகோதரிகளே, உங்கள் மனதிலும் இன்று ஒரு விண்ணப்பம் அடைபட்டுக் கிடக்கலாம். தேவன் சொல்லாததையும் கேட்பவர்தான். ஆனாலும் பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடித்து, வாயைத் திறந்து சொல்லுங்கள். எனக்கான பதிலை அவர் மூன்று வாரமாக என் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்.