குடைக்கும் பூட்டுக்கும் நடுவே

எங்கள் கடற்கரை ஊரில் பஞ்சாயத்து வார்டு மெம்பருக்கு என் சித்தப்பாவும் தாய்மாமாவும் எதிரெதிரே நின்ற வருஷம், நான் இன்னும் புதுநன்மை, அதாவது மாதா கோயிலில் முதல் நற்கருணை, வாங்காத சிறுபிள்ளை. சித்தப்பாவுக்குக் குடைச் சின்னம், மாமாவுக்குப் பூட்டு. இருபத்தொரு வயசு நிறைந்து, அந்த வார்டில் பேர் பதிந்திருந்தால்தான் அப்போது ஓட்டு. கொழும்பு வரைக்கும் தோணியில் போய் வருகிற என் பெரிய அண்ணனுக்கு வயசு காணாது என்று விட்டுவிட்டார்கள். ஆக எங்கள் வீட்டில் இரண்டே ஓட்டு, அப்பாவுக்கும் அம்மாவுக்கும்.

ஓட்டுப்போடுகிற அன்று காலையில் அப்பா அடுப்படிக்கே வந்து நின்றார்.

"ஏளா, என் தம்பிக்கு ஒண்ணு குறைஞ்சா அது உன் ஓட்டுதான். பொறவு நீ உன் அண்ணன் வீட்டுலயே இருந்துக்க."

அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், மாமா கொல்லைவழியாக வந்தார். கையில் பெரிய சீலா மீன். "கூடப் பிறந்தவளே குத்தலைன்னா ஊருல எவன் எனக்குக் குத்துவான்? மாத்திக் குத்தினா இன்னையோட உனக்கு அண்ணன் கிடையாது, பார்த்துக்க."

அம்மா மீனை அரிய உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கோயில் பள்ளிக்கூடத்தில் எண்ணினார்கள். ஊரே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நானும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி எண்ணும்போது அதிகாரி ஒரு சீட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தார்.

"குடையிலதானே குத்திருக்கு, நமக்குத்தான்!" என்றார் சித்தப்பாவின் ஆள்.

"ஏலே, கண்ணு அவிஞ்சா போச்சு? பூட்டுலயும் குத்திருக்கு பாரு!" என்றார் மாமாவின் ஆள்.

இரண்டிலும் குத்தினால் யாருக்கும் கிடையாது, செல்லாது என்று அதிகாரி ஒதுக்கிவிட்டார். வெளியே ஒரே சிரிப்பு. "எந்தக் கிறுக்கனோ, மொய் வைக்கிற மாதிரி ரெண்டு வீட்டுக்கும் வச்சிட்டான்!" நானும் சிரித்தேன்.

எண்ணி முடித்தால், இருவருக்கும் சமம். சிரிப்பு அடங்கிப்போயிற்று. அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்த பார்வையில் நான் அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கத்தான் சட்டமாம். அதிகாரி எடுக்கப்போனார், ஊர் விடவில்லை. எங்கள் கரையில் எந்த வள்ளம் முதலில் வலை வளைப்பது என்று சீட்டுப் போட்டால், புதுநன்மை வாங்காத பிள்ளைதான் எடுக்க வேண்டும். அந்தக் கை எடுத்தது ஆண்டவர் எடுத்தது. அதற்கு மேலும் சண்டை போடுகிறவனை யாரும் தன் வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள்.

"ரெண்டு பேருக்கும் ரத்தம், இந்தக் குட்டியே எடுக்கட்டும்" என்று என்னைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார்கள். சன்னலுக்கு வெளியே அம்மா கண்ணை மூடியிருந்தாள். நானும் மூடிக்கொண்டு, குடைக்கொன்று பூட்டுக்கொன்று எனச் சீட்டு மடித்துப் போட்டிருந்த டப்பாவுக்குள் கையை விட்டேன்.

பூட்டு.

சித்தப்பாதான் முதலில் எழுந்தார். "சீட்டு விழுந்தா விழுந்ததுதான், மச்சான்" என்று மாமாவின் கையைப் பிடித்தார். தம்பியே கை கொடுத்த பிறகு அப்பா என்ன செய்வார்? வெளியே வந்து, எங்கேயோ பார்த்தபடி அம்மாவிடம், "வாளா, வீட்டுக்கு" என்றார்.

அப்பா முன்னே நடக்க, நாங்கள் பின்னால் போனோம். "யாரும்மா அந்தக் கிறுக்கன்?" என்று கேட்டேன். "எவனோ, பாவம்" என்றாள் அம்மா.

எழுத்துத் தெரியாத யாரோ தவறிப்போய்க் குத்தியதாகத்தான் ஊர் வெகுகாலம் பேசியது. எனக்கும் பேர் எழுதுகிற அளவுக்குத்தான் எழுத்து வரும்; அந்த நானே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, நிசந்தான். அதற்காக, குடை எது பூட்டு எது என்றுமா அவளுக்குத் தெரியாமல் போகும்?